மழையில் தோற்ற போலந்து: 50 வருடமாக முடியாத ஒரு வாதம்

மழைக்குள் ஒரு மெட்ச் தோற்றுவிட்டால் நமது ஊர்களில் அடுத்த ஒரு கிழமைக்கு அதுதான் கதை. "கிரவுண்ட் காய்ஞ்சிருந்தா நாமதான்" என்று ஒரு பக்கம். "மழை அவனுக்கும்தானே பெய்தது" என்று மறுபக்கம். தேத்தண்ணிக் கடையில் தொடங்கும், வட்ஸ்அப் குழுமத்தில் தொடரும், கடைசியில் மத்தியஸ்தருடைய குடும்பம் வரைக்கும் போய் நிற்கும்.

இந்த இரண்டு வசனங்களையும் ஒரு முழு நாடே 50 வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்றால் நம்புவீர்களா? அந்த நாடு போலந்து. அவர்கள் பேசுவது 1974 ஜூலை 3ஆம் திகதி மேற்கு ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் நடந்த ஒரே ஒரு உதைபந்தாட்டப் போட்டியைப் பற்றி. போலந்துக்காரர்கள் அதைத் 'தண்ணீர் மேல் நடந்த போட்டி' என்கிறார்கள். ஜேர்மனியர்கள் 'பிராங்பேர்ட் தண்ணீர்ச் சண்டை' என்கிறார்கள். இலங்கையில் தொலைக்காட்சி வந்ததே 1979இல் என்பதால் நமது வாப்பாமார் இதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இன்று யூடியூப்பில் அதன் காட்சிகள் கிடைக்கின்றன. பார்த்தவர்களுக்கு விளங்கும், இது சும்மா தூறல் விழுந்த மெட்ச் அல்ல.

முதலில் அந்தப் போலந்து அணி யார் என்பதைச் சொல்ல வேண்டும். அதைத் தெரியாமல் இந்த வாதத்துக்குள் இறங்க முடியாது.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணி அது. பயிற்றுவிப்பாளர் கஸிமியேஷ் குர்ஸ்கி. 1973இல் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் அவர்களுக்கு எதிரே நின்றது இங்கிலாந்து. சொந்த மண்ணில் இங்கிலாந்தை வென்றார்கள். ஆனால் அதே போட்டியில் அவர்களுடைய மிகப் பெரிய நட்சத்திரம் லுபான்ஸ்கி முழங்காலில் காயப்பட்டார், அவருக்கு அந்த உலகக் கிண்ணமே இல்லாமல் போனது. ஒக்டோபர் 17ஆம் திகதி லண்டன் வெம்பிளியில் மறு ஆட்டம். இங்கிலாந்து வென்றே ஆக வேண்டும், போலந்துக்குச் சமநிலை போதும். போலந்தின் கோல் காப்பாளர் யான் டோமாஷெவ்ஸ்கியைக் கோமாளி என்று இங்கிலாந்தின் பிரபல பயிற்றுவிப்பாளர் பிரையன் கிளஃப் தொலைக்காட்சியில் சொன்னார். அந்தக் கோமாளி அன்றிரவு இங்கிலாந்தின் அடிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தடுத்தார். ஆட்டம் 1-1. இங்கிலாந்து வீட்டுக்குப் போனது.

இந்தச் 'சமநிலை போதும்' என்ற விடயத்தை ஞாபகத்தில் வைத்திருங்கள். பிறகு தேவைப்படும்.

1974 உலகக் கிண்ணம் மேற்கு ஜேர்மனியில். முதல் சுற்றில் ஆர்ஜென்டினாவை 3-2, ஹெய்ட்டியை 7-0, இத்தாலியை 2-1 என்று மூன்று ஆட்டத்தையும் போலந்து வென்றது. வலப்பக்கம் லாட்டோ, இடப்பக்கம் கடோஹா, நடுவில் கோல் அடிக்க ஷர்மாஹ், பின்னாலிருந்து பந்து பிரித்துக் கொடுக்க டெய்னா. இரண்டு பக்கமும் காற்று மாதிரி ஓடுகிறவர்கள். பந்தைத் தரையோடு தரையாகத் தள்ளிவிட்டு, அதன் பின்னால் ஓடுகிற விளையாட்டு அவர்களுடையது. வாதத்தின் பாதி இந்த ஒரு வசனத்தில்தான் இருக்கிறது.

அந்த வருடம் அரையிறுதி என்று ஒன்று இருக்கவில்லை. எட்டு அணிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்து, குழுவில் முதலாவது வருகிறவர் இறுதிப் போட்டிக்கு, இரண்டாவது வருகிறவர் மூன்றாம் இடத்துக்கான போட்டிக்கு. போலந்தும் மேற்கு ஜேர்மனியும் ஒரே குழுவில். (முதல் சுற்றில் மேற்கு ஜேர்மனி தன் சொந்த மண்ணில் கிழக்கு ஜேர்மனியிடம் 1-0 என்று தோற்றது. அதனால்தான் நெதர்லாந்தும் பிரேசிலும் இருந்த குழுவுக்குப் போகாமல் இங்கே வந்து சேர்ந்தது. தோற்றவனுக்கு அதிர்ஷ்டம் எப்படியெல்லாம் வருகிறது பாருங்கள்.) இரண்டு அணிகளும் சுவீடனையும் யூகோஸ்லாவியாவையும் வென்று, கடைசி ஆட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு 4 புள்ளி. அந்தக் காலத்தில் வெற்றிக்கு 2 புள்ளிதான். ஆனால் மேற்கு ஜேர்மனி அடித்தது 6, வாங்கியது 2. போலந்து அடித்தது 3, வாங்கியது 1. கோல் வித்தியாசத்தில் ஜேர்மனி முன்னால். ஆகவே பிராங்பேர்ட்டில் ஜேர்மனிக்குச் சமநிலை போதும், போலந்து வென்றே ஆக வேண்டும்.

வெம்பிளியில் தங்கள் பக்கம் இருந்த அதே வசதி, ஒன்பது மாதம் கழித்து எதிராளியின் பக்கம்.

அடுத்தது அந்த நாள். ஆட்டம் பின்னேரம் 4 மணிக்கு. தொடங்குவதற்குச் சற்று முன்னர் வானம் பிளந்த மாதிரி மழை. மைதானம் குளமாகிவிட்டது. தீயணைப்புப் படையினர் வந்து குழாய் போட்டுத் தண்ணீரை உறிஞ்சினார்கள். உருளைகளை உருட்டி நீரை ஓரத்துக்குத் தள்ளினார்கள். சுமார் அறுபதாயிரம் பேர் நனைந்துகொண்டு இருந்தார்கள். ஒஸ்திரியாவைச் சேர்ந்த மத்தியஸ்தர் எரிக் லீனெமாயர் ஆட்டத்தை அரை மணித்தியாலம் பிந்தித் தொடக்கினார். மழை விட்டிருந்தாலும் தரையில் தேங்கிய தண்ணீர் முழுதாகப் போகவில்லை.

தண்ணீர் தேங்கிய தரையில் என்ன நடக்கும் என்பது விளையாடியவர்களுக்குத் தெரியும். தரையோடு தட்டிய பந்து பத்து யார் நன்றாக உருளும், ஒரு குட்டையைத் தொட்டதும் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடும். பந்துக்காக ஓடியவர் பந்தைத் தாண்டிப் போய்விடுவார். அடுத்த முறை அதே தூரத்துக்குப் பலமாகத் தட்டினால், குட்டை இல்லாத இடத்தில் வழுக்கிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போகும். வேகமானவனுக்கு வேகம் தண்டனையாகிறது. அந்த உலகக் கிண்ணத்தில் பாவித்த 'டெல்ஸ்டார்' பந்துக்கு நீர் புகாத பூச்சு இருந்ததால் பழைய தோல் பந்து மாதிரி ஊறிக் கனக்கவில்லை. ஆனால் பூச்சால் குட்டையை ஒன்றும் செய்ய முடியாது. இப்படியான தரையில் தோதான விளையாட்டு ஒன்றுதான்: பந்தை மேலால் அடிப்பது, உடம்பைக் கொடுத்து இடிப்பது, எதிராளி வழுக்கும்வரை காத்திருப்பது.

அப்படியிருந்தும் முதல் பாதியில் நன்றாக விளையாடியது போலந்துதான். பழைய காட்சிகளைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும். லாட்டோவும் கடோஹாவும் அடித்தவற்றை ஜேர்மனியின் கோல் காப்பாளர் செப் மையர் தடுத்தார். மையர் அன்று சாதாரண ஆளாக நின்றிருந்தால் இந்தப் பதிவையே நாம் எழுத வேண்டி வந்திராது. இடைவேளைக்குப் பின் ஜேர்மனிக்குப் பெனல்டி. உலி ஹோனெஸ் அடித்தார், டோமாஷெவ்ஸ்கி பிடித்தார். சுவீடனுக்கு எதிராகவும் ஒரு பெனல்டியைத் தடுத்திருந்தவர் அவர். ஒரே உலகக் கிண்ணத்தில் ஆட்ட நேரத்துக்குள் இரண்டு பெனல்டி தடுத்த முதல் ஆள்.

76ஆவது நிமிடம். பெட்டிக்குள் பந்து கேர்ட் முல்லரின் காலுக்கு வந்தது. முல்லருக்கு ஈரமும் ஒன்றுதான், காய்ச்சலும் ஒன்றுதான், பெட்டிக்குள் அரை யார் இடம் கிடைத்தால் போதும். 1-0. அதோடு முடிந்தது. ஜேர்மனி இறுதிப் போட்டிக்குப் போய் நெதர்லாந்தை 2-1 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கியது.

போலந்தில் இது வெறும் விளையாட்டுத் தோல்வியாக எடுத்துக்கொள்ளப்படவில்லை, அதற்குக் காரணமும் இருந்தது. 1939இல் ஜேர்மனி படையெடுத்ததிலிருந்து 35 வருடம்தான் ஆகியிருந்தது. மைதானத்துக்குப் போக முடியாமல் வானொலியோடும் தொலைக்காட்சியோடும் இருந்த தாய் தகப்பன்மார் அந்த யுத்தத்தைக் கண்ணால் கண்டவர்கள். ஜேர்மன் அதிபர் வில்லி பிராண்ட் வார்சோவில் முழந்தாளிட்டது 1970 டிசம்பரில்தான். அப்படியொரு எதிராளியிடம், அவர்களுடைய மண்ணில், மழையில் தோற்பது எப்படி இருந்திருக்கும்?

இனி வாதத்துக்கு வருவோம்.

'மழை கெடுத்தது' என்பவர்கள் சொல்வது: அந்தத் தரையில் ஆட்டமே நடந்திருக்கக் கூடாது, காய்ந்த தரையாக இருந்தால் லாட்டோவையும் கடோஹாவையும் யாரும் பிடித்திருக்க முடியாது. மற்றவர்கள் சொல்வது: தண்ணீர் இரண்டு பேருக்கும் ஒன்று, ஜேர்மனி மூன்று நாளைக்கு முன்னர் சுவீடனை 4-2 என்று வென்றதும் மழைக்குள்தான், வாய்ப்புகள் போலந்துக்கும் வந்தன, அவர்கள் அடிக்கவில்லை. மேலதிகமாக இன்னொன்றும் உண்டு. அன்று காயத்தால் ஷர்மாஹ் விளையாடவில்லை. அவருக்குப் பதிலாக இறங்கியவர் வெம்பிளியில் கோல் அடித்த டொமார்ஸ்கி. ஷர்மாஹ் அந்த உலகக் கிண்ணத்தில் மட்டும் 5 கோல் அடித்தவர். அவர் இல்லாததற்கு மழை பொறுப்பாக முடியாது.

நமக்கு இரண்டு பக்கமும் முழுதாகச் சரியாகப் படவில்லை. மழை இருவருக்கும் சமமாகப் பெய்தது என்பது வானத்தைப் பொறுத்தவரை உண்மை. புள்ளி அட்டவணையைப் பொறுத்தவரை உண்மையல்ல. தண்ணீர் தேங்கிய தரை கோல் அடிப்பதைக் கடினமாக்குகிறது. கோல் குறைந்தால் 0-0 வரும் சாத்தியம் கூடுகிறது. 0-0 வந்தால் யாருக்கு லாபம்? ஜேர்மனிக்கு. ஆகவே பந்து ஒவ்வொரு முறை குட்டையில் நின்றபோதும், அது யாருடைய பந்தாக இருந்தாலும், நஷ்டம் போலந்துக்குத்தான். இது யாரும் செய்த சதியல்ல, வெறும் கணக்கு. தலைகீழாக யோசித்துப் பாருங்கள். வெம்பிளியில் அன்றிரவு இப்படி மழை பெய்திருந்தால் போலந்துக்காரர்கள் அந்த மழைக்கு நன்றி சொல்லியிருப்பார்கள், இன்று அழுதுகொண்டிருப்பது ஆங்கிலேயர்களாக இருந்திருப்பார்கள்.

அதற்காகக் காய்ந்த தரையில் போலந்து வென்றிருக்கும் என்று சொல்ல முடியுமா? முடியாது. எதிரே நின்றது பெக்கன்பவர், முல்லர், மையர் உள்ள அணி. மழை போலந்தின் வாய்ப்பைக் குறைத்தது என்பது வரைக்கும்தான் நியாயமாகச் சொல்லலாம். 'வெற்றியைப் பறித்தது' என்பது அதற்கு அடுத்த படி. அந்தப் படியில் ஏறுவதற்கு ஆதாரம் இல்லை.

மழையை வைத்து எல்லாவற்றையும் விளக்க முடியாது என்பதற்கு இன்னொரு அணியைப் பார்க்க வேண்டும். ஹங்கேரி. அவர்களும் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்கள், 1952இல். அவர்களும் அடுத்த வருடம் வெம்பிளியில் இங்கிலாந்தைத் தலைகுனிய வைத்தவர்கள், 6-3 என்று. அவர்களும் அதற்கடுத்த வருட உலகக் கிண்ணத்தில் மேற்கு ஜேர்மனியிடம் மழையில் தோற்றவர்கள். 1954 ஜூலை 4, சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகர், இறுதிப் போட்டி. பிராங்பேர்ட்டுக்கு 20 வருடத்துக்கு ஒரு நாள் குறைவு.

ஆனால் பேர்னில் கதை வேறு. அதே மழையில் ஹங்கேரி எட்டு நிமிடத்துக்குள் 2-0 என்று முன்னால் நின்றது! பிறகுதான் ஜேர்மனி மூன்று கோல் அடித்தது. அதற்கும் மழைதான் காரணம் என்றால், முதல் எட்டு நிமிடம் பெய்தது என்ன? பேர்னில் வித்தியாசம் ஆயத்தத்தில் இருந்தது. அடி டஸ்லர் செய்துகொடுத்த பூட்ஸில் ஸ்டட்டைக் கழற்றி, ஈரத் தரைக்கு ஏற்ற நீளமானதைப் பூட்டிக்கொள்ளலாம். தலைவர் ஃபிரிட்ஸ் வால்டர் யுத்த காலத்தில் மலேரியா வந்தவர், வெயிலில் சோர்ந்துவிடுவார், மழை என்றால் அவருக்குத் திருவிழா. இன்றும் ஜேர்மனியில் மழை நாளை 'ஃபிரிட்ஸ் வால்டர் வானிலை' என்பார்கள். ஹங்கேரியின் புஷ்காஷ் கணுக்கால் காயத்தோடு விளையாடினார். கடைசி நேரத்தில் அவர் அடித்த கோல் ஓஃப்சைட் என்று மறுக்கப்பட்டது. அதுவும் இன்றுவரை தீராத வேறொரு வாதம்.

இந்த இரண்டு தோல்விகளையும் நாம் ஒன்றாக வைத்துப் பார்ப்பது இன்னொரு காரணத்துக்காக. தோற்று வந்தவர்களை ஊர் எப்படி வரவேற்றது? புடாபெஸ்ட்டில் சனம் வீதிக்கு இறங்கியது. நான்கு வருடம் தோற்காத அணி, ஒரு பின்னேரத்தில் துரோகிகள் ஆனது. கோல் காப்பாளர் குரோஷிச் மீது சில மாதங்களுக்குப் பின் உளவுக் குற்றம் சுமத்தி வீட்டுக் காவலில் வைத்தார்கள். போலந்தில் அப்படி நடக்கவில்லை. பிராங்பேர்ட்டுக்கு மூன்று நாள் கழித்து அவர்கள் மூன்றாம் இடத்துக்காகப் பிரேசிலோடு மோதி, லாட்டோவின் கோலால் 1-0 என்று வென்றார்கள். 7 கோலோடு அந்த உலகக் கிண்ணத்தின் அதிக கோல் அடித்தவரும் லாட்டோதான். நாட்டுக்குத் திரும்பியபோது வீரர்களாகவே வரவேற்கப்பட்டார்கள். அங்கே மழை, வீரர்களைக் காப்பாற்றிய குடையாகவும் இருந்திருக்கிறது என்பது நமது எண்ணம். கோபத்தைக் கொட்ட ஒரு வானம் கிடைத்ததால் மனிதர்கள் தப்பினார்கள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிப் பேஸ்புக்கில் கிழிப்பதைவிட மழையைத் திட்டுவது எவ்வளவோ மேல். பாடசாலையில் மறுநாள் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிறவர்கள் நாம்தானே.

முறைப்பாடு செய்ய நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2013 மார்ச் 22, அமெரிக்காவின் கொலராடோவில் அமெரிக்காவுக்கும் கொஸ்டா ரிக்காவுக்கும் உலகக் கிண்ணத் தகுதிப் போட்டி, கொட்டும் பனியில் நடந்தது. கோடு தெரியவில்லை, சவளால் பனியை வாரிக் கோட்டைக் கண்டுபிடித்தார்கள். இடையில் நிறுத்தி மறுபடி தொடங்கினார்கள். அமெரிக்கா 1-0. கொஸ்டா ரிக்கா ஃபீஃபாவிடம் முறைப்பாடு செய்தது, தள்ளுபடியானது. பனி ஒரு பிரச்சினையே இல்லை என்பதால் அல்ல, விதிகள் சொல்லும் முறையில் முறைப்பாடு செய்யப்படவில்லை என்பதால். ஆட்டத்தின் நடுவே தரை கெட்டுப்போனால் அணித்தலைவர் அந்த இடத்திலேயே, எதிரணித் தலைவரையும் வைத்துக்கொண்டு, மத்தியஸ்தரிடம் சொல்ல வேண்டும். விசில் அடித்த பிறகு சொல்வதெல்லாம் கதைதான். செப்டெம்பரில் தங்கள் ஊரில் அமெரிக்காவை 3-1 என்று வென்று கணக்கை முடித்தார்கள். அடுத்த வருடம் பிரேசிலில் கால் இறுதி வரைக்கும் போனார்கள்.

அப்படியானால் பிராங்பேர்ட்டில் செய்திருக்கக்கூடியது என்ன? ஒரு நாள் பின்போட்டிருக்கலாம் என்பதுதான் போலந்துக்காரர்களின் நியாயமான கேள்வி. இறுதிப் போட்டி ஜூலை 7. ஜூலை 4இல் ஆடினாலும் நடுவில் இரண்டு முழு நாள் இருக்கிறது. மறுபக்கம், நெதர்லாந்து அதே 3ஆம் திகதி இரவு பிரேசிலை வென்று ஓய்வுக்குப் போய்விட்டது. பின்போட்டிருந்தால், வென்றவர் யாராக இருந்தாலும், ஒரு நாள் ஓய்வு குறைவாகவே இறுதிக்குப் போயிருப்பார். தரை விளையாடத் தக்கதா என்று முடிவெடுக்கும் அதிகாரம் மத்தியஸ்தருக்கு. லீனெமாயர் அரை மணித்தியாலம் கொடுத்தார், ஒரு நாள் கொடுக்கவில்லை. நமது பார்வையில் இந்த வாதத்தில் உண்மையான கேள்வி இது மட்டும்தான். மற்றதெல்லாம் 'இருந்திருந்தால்' கணக்கு.

ஜேர்மனியைப் போலந்து முதன்முதலாக வென்றது 2014 ஒக்டோபர் 11இல், வார்சோவில், 2-0. பிராங்பேர்ட்டுக்கு 40 வருடம் கழித்து. குர்ஸ்கி 2006இலேயே காலமாகிவிட்டார். அந்தத் தேசிய மைதானத்துக்கு இன்று அவருடைய பெயர்தான்.

அதே மைதானத்தில் 2012 ஒக்டோபர் 16ஆம் திகதி இங்கிலாந்து விளையாட வந்தது. மூடித் திறக்கும் கூரை உள்ள புத்தம்புது மைதானம். கூரையை மூடவில்லை, அடைமழை பிடித்துக்கொண்டது, மழை நேரத்தில் அந்தக் கூரையை மூடவும் முடியாதாம். இத்தாலிய மத்தியஸ்தர் ரொக்கி தரையில் இறங்கிப் பந்தை உருட்டிப் பார்த்தார். பந்து தண்ணீரில் நின்றுவிட்டது. ஆட்டத்தை அடுத்த நாளுக்குப் பின்போட்டார். நனைந்துபோன சனம் தங்கள் மைதானத்துக்குத் 'தேசிய நீச்சல் தடாகம்' என்று பெயர் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனது. மறுநாள் ஒக்டோபர் 17, வெம்பிளி ஆட்டம் நடந்து சரியாக 39 வருடம். காய்ந்த தரையில் ஆடினார்கள். முடிவு அன்றைக்கு மாதிரியே 1-1.